ஊற்றுத் தண்ணீர்

பாலாற்று மணலில் காலை வெயில் இதமாகப் படிந்திருக்கிறது. தோல் கழிவைக் காய்ச்சி வஜ்ஜிரப் பசை எடுக்கும் ஆலைக்கு இடம் பார்க்க வந்த அதிகாரி, ஊரே குடிக்கும் ஊற்றுக்குழியை ஒட்டிச் சிவப்புத் துணி கட்டிய முளையை அடிக்கச் சொல்கிறார். குடங்களோடு குழியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியும் நகரவில்லை. “ஏம்பா, தோல் ஷாப்புலயே கெடக்கிறவனுக்கு நாத்தம் என்ன புதுசா?” என்று குழியோரம் நிற்கும் தேவசகாயத்தை அதிகாரி கேட்கிறார். தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷமாகச் சவ்வு வழிக்கிற தேவசகாயம் குனிந்து, கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் சுரக்கும்வரை காத்திருக்கிறார். கொட்டாங்கச்சியால் மொண்டு சொம்பை நிரப்பி நீட்டுகிறார். அதிகாரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிச் சொம்பையே பார்த்தபடி நிற்கிறார். முளை அடிப்பவனின் சுத்தி ஓங்கியபடியே இருக்கிறது.

“எங்க மூக்கு எப்பவோ செத்துப்போச்சு சார்,” என்கிறார் தேவசகாயம். “நாக்கு இன்னும் சாவல.”