உள்ளங்கை நிழல்

உள்ளங்கையால் படலத்தை மூடினாள்.

விசிறி நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் படலம் அது. சிலிக்கன் இல்லை, கரிமச் சேர்மங்களை மைபோலக் கரைத்து அவளே பூசியது. மூடினால் மின்சாரம் நிற்கும், அதில் ஓடும் குட்டி விசிறியும் நிற்கும். ஆய்வகத்தில் தினமும் செய்து பார்ப்பதுதான்.

குனிந்து, கல்லூரி முற்றத்தில் போட்டிருந்த மேசையின் விரிப்பைத் தூக்கினாள்.

பாட்டரி.

சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்கள் அதிலிருந்து விசிறிக்கு ஏறியிருந்தன.

“மேகமா இருக்கேம்மா,” என்றார் அவளுடைய நெறியாளர் தணிகாசலம். “டெல்லிக்காரங்க முன்னாடி நின்னுபோச்சுன்னா அசிங்கம். ஒரு சேஃப்டிக்குத்தான்.”

சொல்லிவிட்டு, சால்வைப் பையோடு கல்லூரி வாசலுக்குப் போய்விட்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேகம் என்று குடை எடுத்து வந்தால் அது சேஃப்டி. இது பச்சைப் பொய். அதுகூடப் பரவாயில்லை. மனிதர் அவளை நம்பவேயில்லை.

வெளிச்சம் பட்டதும் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டுக் கிளம்பும். அது விட்டுவந்த வெற்றிடம் லேசில் விடாது, பிடித்து இழுக்கும். இரண்டையும் பிரித்தால்தான் மின்சாரம். பிரிக்கப் பலமான தள்ளு வேண்டும், அந்தத் தள்ளில் கொஞ்சம் ஆற்றல் வீணாகத்தான் செய்யும். வருடா வருடம் அவர் நடத்தும் பாடம்.

அவள் பொருத்தமான இரண்டு பொருள்களைத் தேடிக் கலந்தாள். அவை தொட்டுக்கொள்ளும் இடங்களில், எலெக்ட்ரானும் வெற்றிடமும் ஏறக்குறையத் தள்ளாமலே பிரிந்தன.

அளந்து காட்டினாள். திரும்ப அளக்கச் சொன்னார். அளந்தாள். கருவியைச் சந்தேகப்பட்டார். கருவியை மாற்றியும் அளந்தாள்.

கடைசியில் மேசைக்கு அடியில் ஒரு தள்ளு வைத்திருக்கிறார்.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. முற்றத்தின் மேல் வானம் பாத்திரம் கழுவிய தண்ணீராகக் கலங்கிக் கிடந்தது. இவ்வளவு மங்கலில் அவள் ஓட்டிப் பார்த்ததே இல்லை. நின்றுவிட்டால் அவள் அளந்தது எல்லாம் பொய் என்றாகிவிடும். ஆய்வு இன்றோடு முடிந்தது.

முடியட்டும்.

இரண்டு ஒயர்களையும் பிடுங்கினாள்.

விசிறி தயங்கியது.

பிறகு சுற்றியது. முன்னைவிட மெதுவாக. ஆனால் சுற்றியது.

டெல்லியிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு மேசையைச் சூழ்ந்தது. நெறியாளர் விசிறியைக் காட்டி, எங்கள் கண்டுபிடிப்பு என்றார். விரிப்பை ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். நிம்மதியாகச் சிரித்தார்.

யாரும் கேட்காமலே அவள் முன்னால் வந்தாள். உள்ளங்கையால் படலத்தை மூடினாள்.

விசிறி நின்றது.

அவர் சிரிப்பும் நின்றது.

கையை எடுத்தாள். சுற்றியது.

குழுவினர் கைதட்டினார்கள்.

அவர் மட்டும் குனிந்து, விரிப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.