எழுபது கிலோ மணல்

மூட்டையை என் வீட்டில்தான் வைத்தார்கள்.

மூன்றாவது மாடி, கடைசிக் கதவு. படிக்கட்டுக்கு ரொம்பத் தள்ளி இருப்பது அந்த வீடுதான் என்று தீயணைப்பு நிலைய அலுவலரே தேர்ந்தெடுத்தார். போன மாதம் மாற்றலாகி ஓசூருக்கு வந்தவர். அங்கே யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

தீக்குப் பிறகு நான் அங்கே இருப்பதில்லை. சாவி மட்டும் என்னிடம் இருந்தது. எதிர் வீட்டு அருணா போன் செய்து, “சாவி எடுத்துக்கிட்டு வாக்கா, இல்லன்னா பூட்டை உடைக்கணும்கிறாங்க” என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எழுபது கிலோ மணல். குடியிருப்போர் சங்கச் செயலாளர் முனீர் அகமது, பக்கத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்திலிருந்து வாங்கி வந்து சாக்கில் கட்டியிருந்தார். மேலே ஒரு போர்வை.

மயங்கிக் கிடக்கும் ஆள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி எடுத்த மூன்று பேர் ஏறிப்போய் நான்கு நிமிடத்துக்குள் கீழே கொண்டுவந்தால் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்புச் சான்று. இல்லாவிட்டால் பதினாறு வீடும் காலி செய்ய வேண்டும்.

என் கணவர் அறுபத்திரண்டு கிலோதான்.

ஏழு மாதத்துக்கு முன், கீழே மீட்டர் பெட்டியில் பிடித்த தீயின் புகை மேலே ஏறி, அந்த வீட்டுக்குள் இறந்துபோனார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. அவருக்காக ஒருவரும் படியேறவில்லை.

அதற்கப்புறம்தான் அரசாங்கம் வந்தது. முதல் தடவை வந்து பத்தொன்பது குறை எழுதினார்கள். இரண்டாம் தடவை, படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டு இருந்ததற்காகத் திருப்பி அனுப்பினார்கள். இந்த அலுவலர் கதவின் கீலைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். மொட்டை மாடியில் பூட்டியே கிடந்த இரும்புக் கதவைக் கழற்றி எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகு சுவரில் இருந்த ஓட்டைகளைக் காட்டி, “இதையும் பூசுங்க, நாளைக்கே மறுபடி மாட்டிடுவீங்க” என்றார்.

இவ்வளவு கண்ணும் இவ்வளவு கையும் இந்த ஊரில்தான் இருந்திருக்கின்றன.

காலை பத்தரைக்கு அபாய மணி அடித்தது. அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அருணாவின் கணவன் முனிராஜ் முன்னால் ஓடினான். பின்னாலேயே இரண்டு பேர். வாயில் ஈரத்துணி. படிக்கட்டு வாசலின் புதுச் சிவப்புக் கதவு திறந்து, தானே மூடிக்கொண்டது.

நாங்கள் கீழே தண்ணீர்த் தொட்டி அருகே நின்றோம். முனீர் அகமதுவின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர்கள் தெரிந்தார்கள். மூட்டையைப் போர்வையோடு தொட்டில்போல் ஏந்தி, பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவர் குறுகும் இடத்தில் முனிராஜ் கத்தினான்.

“தலை, தலை! இடிச்சிடப் போவுது, பாத்து!”

கூட்டம் சிரித்துவிட்டது. “மூட்டைக்கு எதுடா தலை?” என்று யாரோ கேட்டார்கள். “மாப்பிள்ளையவே இப்படித் தாங்க மாட்டீங்களேடா” என்றது இன்னொரு குரல்.

முனிராஜ் சிரிக்கவில்லை. ஒரு கையை விட்டு, சாக்கின் ஒரு முனையைச் சுவரில் படாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டான். அவன் விரல் முட்டிதான் சிராய்த்தது.

ஒரு மணல் மூட்டை மேல் பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நழுவட்டும் என்று நினைத்தேன். கிழிந்து, படியெல்லாம் மணல் கொட்டட்டும். ஏழு மாதமாக எனக்குச் சோறு போட்ட அருணாவின் வீடும் அந்தப் பதினாறில் ஒன்று. தெரிந்துதான் நினைத்தேன்.

நழுவவில்லை. தரையில் மெல்லக் கிடத்தினார்கள். மூன்று நிமிடம் இருபது விநாடி.

கைதட்டினார்கள். அருணா ஓடிப்போய் முந்தானையால் கணவனின் கழுத்தைத் துடைத்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அலுவலர் கையெழுத்துப் போட்டார். பிறகு படிக்கட்டு வாசலில் ஒட்ட வேண்டிய விதிகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். கடைசி விதி இதுவரை இல்லாதது, இந்தக் கட்டடத்துத் தீயின் விசாரணை அறிக்கைக்குப் பிறகு சேர்த்தது என்றார்.

‘உள்ளே யாரும் இல்லை என்று யார் சொன்னாலும், எல்லாக் கதவுகளையும் திறந்து பார்க்க வேண்டும்.’

முனீர் அகமதுவின் மனைவி கௌசர் கேட்டாள். “வீட்டுக்காரங்களே சொன்னாலுமா சார்?”

“அவங்க சொன்னாத்தாம்மா கட்டாயம் பாக்கணும். பதட்டத்துல ஏதாச்சும் சொல்லிடுவாங்க.”

அருணா தரையைப் பார்த்தாள். தீப்பிடித்த அன்றைக்கு அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஏழு மாதத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அன்று திங்கட்கிழமை. என் கணவரின் கம்பெனியில் ஷிப்ட் மாறும் நாள். நான்கு நாள் ராயக்கோட்டையில் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, பஸ் இறங்கி நேராக வந்த எனக்கு அது நினைவில் இல்லை. ஞாயிறு இரவே நைட் ஷிப்டுக்குப் போய், காலையில் திரும்பி, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

வண்டியிலிருந்து குதித்த தீயணைப்பு வீரர் ஒருவர், முகமூடியை மாட்டிக்கொண்டே, படியில் ஒரு கால் வைத்துவிட்டு என்னிடம்தான் கேட்டார்.

“யாருமில்லைங்க. அவரு ஃபர்ஸ்ட் ஷிப்டு, விடியறதுக்குள்ளயே போயிருப்பாரு” என்றேன்.

அவர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.