துண்டு போட்ட இடம்

ஹட்டனில் ரயில் நின்று ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஜன்னல் வழியாகக் குழந்தை வந்துவிட்டது. "புடிங்க, புடிங்க" என்ற சத்தம் மட்டும் அந்த இரைச்சலில் காதில் விழுந்தது. நல்லமுத்து இரண்டு கையையும் நீட்டி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். கொடுத்தவள் முகத்தைப் பார்ப்பதற்குள் யாரோ தூக்கிய தகரப்பெட்டி ஜன்னலை மறைத்துவிட்டது.

அதனால் என்ன. எல்லாம் அவன் போட்ட திட்டப்படிதான் நடந்தது.

போன தீபாவளிக்கு ஹட்டனில் ஏறி, மாமியார் வீடு இருக்கிற கம்பளை வரைக்கும் ஒற்றைக்காலில் நின்று, மசக்கையோடு இருந்த மனைவி நாகலெட்சுமி மயங்கி விழுந்ததை அவன் மறக்கவில்லை. அதனால் இந்தத் தீபாவளிக்குப் பொழுது விடிந்ததும் தான் மட்டும் மேலே நானுஓயாவுக்குப் போய்விட்டான். அங்கே கூட்டம் சேருவதற்கு முன்பே கீழே இறங்குகிற வண்டியில் ஏறி, ஜன்னலோரமாக இரண்டு பேர் உட்காருகிற இடத்தில் துண்டைப் போட்டான்.

துண்டின் நுனி ஜன்னலுக்கு வெளியே சிவப்பாகத் தொங்கும். ஹட்டனில் நிற்கிற நாகலெட்சுமி அதை அடையாளம் பார்த்து முதலில் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், பிறகு கதவு வழியாக ஏறி வர வேண்டும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் புதிய ஆளுக்கு மிஷினைப் பழக்குவதுபோல இதை அவளுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்திருந்தான்.

பிள்ளை வந்தது. நாகலெட்சுமி வரவில்லை. கதவில் ஆளும் மூட்டையும் அடைத்துக்கொண்டு நின்றபோதே கார்டு விசில் ஊதிவிட்டார்.

நல்லமுத்து எழப் பார்த்தான். மடியை ஒட்டி ஒருவருடைய அரிசி மூட்டை, தோள்மேல் ஒருவருடைய முழங்கை. ஆணி அடித்த மாதிரி இருந்தது இருப்பு. நகர்கிற வண்டியிலிருந்து தலையை நீட்டி, "லெச்சுமி" என்று கத்தினான். மேடையில் தெரிந்ததெல்லாம் தலைகள்தான்.

அவன் முழங்காலோடு முழங்கால் இடிக்க, பலகாரக் கூடையும் கையுமாக நின்ற காளியாயி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததும் பெட்டிக்கே கேட்கும்படி சொன்னாள்.

"தம்பிக்கு சீட்டு கெடச்சிருச்சு. பொஞ்சாதிதான் கெடைக்கல."

பெட்டி குலுங்கச் சிரித்தது. நல்லமுத்துவும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கிற கறுப்புக் கம்பளிக்குள், மூக்கு நுனி மட்டும் தெரியப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்த இந்த ஐந்து மாதத்தில் அவன் கையில் அது அழாமல் கிடந்தது இதுதான் முதல் தடவை. தகப்பன் கை பழகிவிட்டது என்று அந்த நெருக்கடியிலும் அவனுக்கு ஒரு பெருமை. ஆனால் கம்பளியை விலக்கி முகத்தைப் பார்க்கப் பயந்தான். விழித்தால் பால் கேட்கும். பால் ஹட்டனில் நிற்கிறது.

அடுத்த ஸ்டேஷன் ரொசெல்லயில் இந்த வண்டி நிற்காது, இனி வட்டவளைதான் என்றார்கள். அங்கே இறங்கித் திரும்பலாமென்றால் மேலே போகிற வண்டி சாயங்காலம்தான். அதுவரைக்கும் பிள்ளையின் வயிற்றுக்கு யார் பதில் சொல்வது? முதலில், இந்த மூட்டைகளைத் தாண்டி இறங்குவது எப்படி?

பாதி வழியில் பிள்ளை விழித்தது. விழித்த வேகத்தில் வீறிட்டது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சீனித் தண்ணீர் கொடு என்றார் ஒருவர், விரலைச் சப்பக் கொடு என்றார் இன்னொருவர், தகப்பனுக்கே பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை என்றார் மூன்றாமவர். காளியாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னிடம் கொடு, ஆட்டிப் பார்க்கிறேன் என்று கை நீட்டினாள். முன்னே பின்னே தெரியாதவரிடம் என் மகனைக் கொடுக்கிறதாக இல்லை என்று நல்லமுத்து முறைப்பாகச் சொல்லிவிட்டான்.

"அதுஞ் சரிதான். புள்ளைய கண்டவங்க கையில குடுக்கலாமா," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழுகை ஏற ஏற அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே குளிர், உள்ளே வேக வைத்த மாதிரி. தாயையும் பிள்ளையையும் ஒன்றாகச் சேர்த்துவிடு மாரியம்மா, அடுத்த வருஷம் கம்பளைக்கு நடந்தே போகிறேன் என்று நேர்ந்துகொண்டான்.

வட்டவளையில் வண்டி நின்றது. "ஏங்க, ஏங்க" என்று வெளியே ஒரு குரல்.

நல்லமுத்து ஜன்னலில் பாய்ந்தான். கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நாகலெட்சுமி ஓடி வந்தாள். நடுவில் நின்ற சனத்துக்கு மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. எல்லாரும் பார்க்கட்டும் என்று கம்பளிப் பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான்.

"ஒரு கீறல் இல்லாம கொண்டாந்துட்டேன் புள்ள. இந்தா, மொதல்ல பாலக் குடு."

சனத்தை விலக்கிக்கொண்டு நாகலெட்சுமி ஜன்னலடிக்கு வந்துவிட்டாள். வாங்கக் கை நீட்டவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நம்ம புள்ள என் தோள்ல தூங்குறான். ஏங்க, அது யாரு புள்ள?"