கோல்பியின் அம்மா வாங்கிவைத்த கிளாஸ்

பீர் காய்ச்சி விற்கும் மூன்றாவது ப்ரூவரியிலும் அந்தப் பெரியவர் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. தட்டில் வந்த குட்டிக் கிளாஸ்களை ஓரமாக நகர்த்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்லன் சார், போர்ட்லண்டுக்கு வந்து பீரை முறைச்சுப் பார்க்கிற முதல் ஆள் நீங்கதான்" என்றான் வெண்டெல். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ப்ரூவரிகளுக்கு வெளியூர் ஆட்களை நடத்தியே அழைத்துப் போய்க் காட்டுவதுதான் அவன் பிழைப்பு. "செர்ரிப் பழம் போட்டு மரப்பீப்பாய்ல ஒரு வருஷம் புளிக்க வெச்சது சார் இது. இதைக் குடிக்கவே ஜனங்க ஃப்ளைட் ஏறி வர்றாங்க."

"நல்லாத்தான் இருக்கும் தம்பி. பலகை மாட்டின இடம் இன்னும் ஏதாவது இருக்கா?"

மத்தியானத்திலிருந்து இதே கேள்விதான். ஒரு பலகையைத் தேடி வந்திருப்பதாகவும், அதைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்ப முடியாது என்றும் முதலிலேயே சொல்லியிருந்தார். எந்த ப்ரூவரி என்று கேட்டால் பெயர் தெரியவில்லை.

அந்த ஊர் ப்ரூவரிகளில் அப்படியொரு வழக்கம். யாருக்காகவாவது ஒரு கிளாஸுக்குக் காசு கட்டி, பலகையில் எழுதிவிட்டுப் போகலாம். உரியவர் என்றைக்கு வந்து கேட்டாலும் ஊற்றிக் கொடுப்பார்கள். 'இரட்டைக் குழந்தை பெற்ற டாமுக்கு, ஆழ்ந்த அனுதாபங்களுடன்' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். ஹார்லன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு" என்று இழுத்தான் வெண்டெல். "ஆனா அங்க நான் யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல."

"ஏன், பீர் மட்டமா?"

"ஊர்லயே நல்ல பீர் அங்கதான்."

"அப்புறம் என்ன? நடங்க தம்பி."

பாலத்தைத் தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. அதுவரை ஓயாமல் பேசி வந்த வெண்டெல், அந்தக் கடைசித் தெருவின் திருப்பத்தில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான்.

உள்ளே நுழைந்ததும் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து பிரிஜெட் கத்தினாள். "அட, யாருடா இது! நீ செத்துட்டேன்னு நெனச்சு, ஒரு பீருக்கு உன் பேரை வைக்கலாம்னு இருந்தோம். ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் தலையே காட்டலையே?"

"வேலை."

"இவன் வேலையே பீர் குடிக்கிறதுதான் சார். அதுக்கே நேரமில்லையாம்!"

ஹார்லன் அதைக் காதில் வாங்கவில்லை. நேராகப் பலகைக்குப் போனார். கீழ் மூலையில், மங்கிப்போன சாக்பீஸ் எழுத்தில் நாலு வரி இருந்தது.

'என் மகன் கோல்பியின் சைக்கிள்மேல் காரை ஏற்றிவிட்டு நிற்காமல் போனவருக்கு ஒரு கிளாஸ். திட்ட மாட்டேன். ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். கோல்பியின் அம்மா.'

பின்னால் வந்து நின்ற வெண்டெலும் அதைப் படித்தான். படித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றான்.

ஹார்லன் கவுன்ட்டருக்குத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "அந்த மூலையில எழுதியிருக்கே, அந்தக் கிளாஸை எனக்கு ஊத்தும்மா."

பிரிஜெட்டின் சிரிப்பு நின்றது. "யாருக்குன்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும்."

"கோல்பி தினமும் இந்த ஸ்டூல்லதான் உக்காருவான். ரெண்டு வருஷம் முன்னாடி அதோ அந்தத் திருப்பத்துல, கொட்டற மழையில அடிபட்டுக் கிடந்தான். நான்தான் ஓடிப் போய் மடியில தூக்கி வெச்சுக்கிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "இப்ப வந்து சாவகாசமா பீர் கேக்கறீங்க. என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு?"

அவள் போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தாள். வெண்டெல் அவள் கையைப் பிடித்துத் தடுத்தான்.

"வேண்டாம் பிரிஜெட். இவர் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல்ல அவர் சொல்றதைக் கேளு."

ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நான்தாம்மா கோல்பியோட அப்பா. பென்டில்டன்ல கோதுமை போடறவன். இதை எழுதினது என் பொண்டாட்டி லொரெய்ன். பையன் செத்தப்புறம் அவன் சாமானை எடுத்துப் போக வந்தப்ப எழுதியிருக்கா. எங்கன்னு கேட்டா, 'கோல்பிக்குப் பிடிச்ச இடம்'கிறதுக்கு மேல அவளுக்கு இப்ப ஞாபகம் இல்ல."

"இப்ப எதுக்கு சார் தேடி வந்தீங்க?" என்றாள் பிரிஜெட்.

"லொரெய்ன் படுத்த படுக்கையா கிடக்கறா. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. கண்ணைத் திறக்கறப்பல்லாம் 'அவன் வந்தானா'ன்னுதான் கேக்கறா. எனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அவ ஒரு பார்வையில கண்டுபிடிச்சிடுவா." அவர் மூக்கை உறிஞ்சினார். "நானே குடிச்சுட்டேன்னா, 'கிளாஸ் காலியாயிடுச்சு லொரெய்ன்'னு சொல்லிக்கலாம். அது பொய் இல்லையே? நிம்மதியாப் போவா."

பிரிஜெட் இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கிளாஸை எடுத்துக் கழுவினாள். குழாயைத் திறந்து, நுரை வழியாமல் நிதானமாக நிரப்பினாள். அதை ஹார்லன் முன்னால் வைக்கப் போனாள்.

குறுக்கே ஒரு கை நீண்டது. வெண்டெலின் கை.

"அதை எங்கிட்ட கொடு, பிரிஜெட். அது எனக்கு வாங்கினது."