யாரும் தொடாத எஞ்சின்

கிருபானந்தனின் பிக்கப் பெட்டாலிங் ஜெயா சர்வீஸ் சென்டரில் கரும்புகை கக்கி நின்றது. டர்போ போய்விட்டது. நல்லவேளை, வாரண்டி இன்னும் ஒரு வருடம் இருந்தது.

“அங்கிள், பவர ஏத்த வெளியில டியூனிங் செஞ்சிருந்தா வாரண்டி கிடையாது,” என்றாள் சர்வீஸ் அதிகாரி வசுந்தரா.

“டியூனிங்கா? பத்துமலை முருகன் மேல சத்தியமா இல்லம்மா.”

அவள் வண்டியில் ஒயரைச் சொருகி, மடியில் இருந்த லேப்டாப்பைப் பத்து நிமிடம் முறைத்தாள். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்தது.

“நீங்க சொன்னது உண்மைதான் அங்கிள். வாங்கின நாள்லேருந்து எஞ்சின் கம்ப்யூட்டர யாரும் தொடவே இல்ல. டர்போ ஃப்ரீயா மாத்திடுறோம். இங்க சைன் பண்ணுங்க.”

பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை.

“தொடவே இல்லையா? நல்லா பாரும்மா.”

“பார்த்துட்டேன். பவர் கொஞ்சம்கூட ஏறல.”

“ஏறலையா? ஹைவேயில மச்சான் வண்டிய முந்தினேன்லா! கிள்ளான்ல பிரவின் கடையில டியூன் பண்ணது! அந்தத் திருட்டுப்பய காசு வாங்கிட்டு என்னை ஏமாத்திட்டானா?”

வசுந்தரா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திரை கறுப்பாக இருந்தது.

“அவரு ஏமாத்தல அங்கிள். இந்த லேப்டாப்தான் திங்கட்கிழமையே செத்துப்போச்சு.”