மீசையும் ஐம்பது காசும்

"இதைக் கழுவினியா?" என்று ரமணன் கேட்ட தோரணையில் எதிரே நின்ற செல்வராஜ் ஓர் அடி பின்வாங்கினான். அவன் கொண்டுவந்த காசிலிருந்து சோப்பு வாசம் கமகமவென்று வந்தது. பழைய நாணயத்தைக் கழுவுவது ரமணனுக்குக் கொலைக்குச் சமம்.

"நான் கழுவலை சார். காசு போட்டா கோப்பி தர்ற மெஷின் இதை எடுக்க மாட்டேங்குது. நீங்க மாத்தித் தருவீங்கன்னு சொன்னாங்க."

ரமணன் அதைக் காதில் வாங்கவில்லை. சிங்கப்பூர் தேக்காவில் பழைய நாணயக் கடை வைத்த இருபத்திரண்டு வருடத்தில், அச்சடிக்கும்போதே பிழையான காசு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். சுத்தியலால் தட்டியது, அரத்தால் ராவியது என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் அவர். பிறவிப் பிழைக்குத்தான் விலை. பிறகு பட்ட அடிக்கு அவர் கடையில் ஒரு டீ கூடக் கிடைக்காது.

மீன் பொறித்த அந்தப் பழைய ஐம்பது காசை பூதக்கண்ணாடியில் பார்த்தார். விளிம்பு சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தது. சுத்தியல் தடமோ அரத்தின் கீறலோ மருந்துக்கும் இல்லை. மனிதக் கையால் ஒரு காசை இத்தனை ஒழுங்காகக் கெடுக்க முடியாது என்று தீர்மானித்துவிட்டார்.

உடனே நாணயச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டார். ஃபேரர் பார்க்கில் கடை வைத்திருக்கும் ஜெரார்ட், அது வெறும் அடிபட்ட காசு என்று பதில் எழுதினார். ரமணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உலகத்திலேயே இப்படி அச்சில் பிழையான காசு இது ஒன்றுதான்; அடிபட்டது என்று யாராவது நிரூபித்தால் நாளை நடக்கும் நம் குழுக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் மீசையை மழித்துக்கொள்கிறேன் என்று குரல் பதிவே அனுப்பிவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்து வளர்த்த மீசை அது. நூற்றுப் பதினாறு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள்.

பிறகு செல்வராஜின் கையில் ஐந்நூறு வெள்ளியைத் திணித்தார். மிரண்டுபோன அவன், கோப்பி மெஷினுக்கு வேறு ஐம்பது காசு போதும் என்றான்.

"வச்சுக்க லா தம்பி. சர்டிபிகேட்ல எழுதணும், இது எங்க கிடைச்சுது?"

"ஓட்டல் லாண்டரில சார். துணி காயவைக்கிற டிரையர் ஒண்ணு முப்பது வருஷமா ஓடுச்சு, நேத்துதான் பிரிச்சோம். பாக்கெட்டுலேருந்து விழுந்த காசெல்லாம் உள்ளயே உருண்டு உருண்டு இப்படி ஆயிருக்கு."

ரமணனின் கை தானாகப் போய் மீசையைத் தடவியது. பெரிய மனசுக்காரரிடம் வெறும் ஒரு காசோடு வந்துவிட்டோமே என்று செல்வராஜுக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னும் ஒரு வாளி நெறைய இருக்கு, கொண்டாரட்டா சார்?"