அரை நாள்

சாரத்திலிருந்து விழுந்து இறந்த கொத்தனார் சந்தனராஜுக்குப் பதினேழரை நாள் கூலி என்று கம்பெனி காசோலை எழுதியிருந்தது. பதினெட்டு நாள் என்றார் அவனுடைய அப்பா. நான்கு மாதமாக இதே தகராறு.

"உங்க மகன் விழுந்தது பதினொன்றரைக்கு. அரை நாள்தானே பெரியவரே வரும்?" என்றார் கணக்கர் ஜெபமணி.

"ஆஸ்பத்திரியில உசுரு போனது சாயங்காலம் ஆறு மணிக்கு சார். அதுவரைக்கும் அவன் வேலையை விட்டு வீட்டுக்கு வரலையே."

காசோலையை வாங்கிவிட்டால் அந்த அரை நாளை இனி எங்கேயும் கேட்க முடியாது என்று வக்கீல் எச்சரித்திருந்தார். ஆனால் இன்று காலை மருமகள், "பிள்ளைக்குப் பீஸ் கட்டணும் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்ற வரிக்குக் கீழே, ரெவென்யூ ஸ்டாம்பின் மேல் பெரியவர் கையெழுத்துப் போட்டார். பிறகு, ஆள்வரவு எழுதும் மஸ்டர் நோட்டைப் பார்க்கக் கேட்டார். முழு நாளுக்குப் பெருக்கல் குறி, அரை நாளுக்கு ஒற்றைச் சாய்கோடு. மகன் பெயருக்கு நேரே பதினேழு பெருக்கல் குறிகளும் கடைசியில் ஒரு சாய்கோடும் இருந்தன.

பேனாவை அழுத்திப் பிடித்து அந்தக் கோட்டின் குறுக்கே இன்னொரு கோடு இழுத்தார்.

"ஐயோ பெரியவரே, அதுக்கு இனிமே பணம் வராது!"

"வேண்டாம் சார்" என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருந்தான்."